மன்னார்குடி இல்லை, மன்னார்

போன வாரம் திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தேன். நிறங்களின் அட்டையை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்து, "ஆறுதலாப் பாத்துச் சொல்லுங்கோ" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஆறுதல் எதுக்குங்க? வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்" என்றார். அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம் என்று விளங்கப்படுத்தியதும் சிரித்துவிட்டு டீ போட்டுத் தந்தார். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பதினாலு வயதில் மன்னாரிலிருந்து படகேறி வந்தவன், இன்னும் வாயைத் திறந்தால் வெளியூர்க்காரன்தான்.

ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல வேறு வேறு அகதி முகாம்களில் இருப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும். உங்களுக்கு என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மனைவி மேரி ஆவூர்க்காரி. விவசாயக் குடும்பம். அவர்கள் தோட்டத்துக் கிணற்றடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போன இடத்தில் பழக்கம். ஆவூர்க் கோயிலில்தான் கலியாணம். என்னைக் கட்டி முகாமுக்கு வந்த பிறகு பிறந்தவள் நிரோஷா. முகாமில் பிறந்ததால் அவள் பெயரும் அகதிப் பதிவில் ஏறியது. தாய் இந்தியப் பெண், ஆகவே பிள்ளைக்கும் இங்கே உரிமை உண்டு என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் ஊருக்குத் திரும்பத்தான் காத்திருந்தேன். மன்னாரில் அப்பாவின் காணி இருக்கிறது, பக்கத்திலேயே தங்கச்சி ஜெசிந்தா குடியிருக்கிறாள். திரும்பிப் போகிறவர்கள் பட்டியலில் எங்கள் பெயரையும் கொடுத்திருந்தேன். அந்த நேரம்தான் அங்கே எல்லாம் கவிழ்ந்தது. பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை, சனம் முழுக்கத் தெருவில். ஜெசிந்தா போனில் சொன்னாள்: "அண்ணா, இப்ப வந்திடாதைங்கோ. காஸ் சிலிண்டருக்கு ரெண்டு நாளா லைனில நிக்கிறன்." நான் போகக் காத்திருந்த கடலைத் தாண்டி, அங்கிருந்து புதிதாகப் படகுகள் வரத் தொடங்கின. இங்கேயும் நிம்மதி இல்லை. குடியுரிமைச் சட்டம் மாறப் போகிறது, தாள் இல்லாதவர்களைத் தனியாகப் பிரிக்கப் போகிறார்கள் என்று ஆளுக்கொரு கதை. பக்கத்து வீட்டில் துணிகளை மடித்துப் பைகளில் போட்டு வைத்திருந்தார்கள். எங்கே போவதற்கு என்று அவர்களுக்கே தெரியாது. நான் வேலைக்குப் போவதையே குறைத்துவிட்டேன். தொலைக்காட்சிச் செய்தியின் முன்னால் இருந்து இரண்டு நாடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிரோஷா மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்து, ஒருநாள் அந்தப் பெட்டியை அணைத்தாள்.

"அப்பா, இதப் பாத்து என்ன ஆகப்போகுது? நாம செய்யிறதுக்கு ஒன்னாவது இருக்குல்ல. அம்மா இந்த மண்ணுல பொறந்தவங்க. அத வச்சு நான் ஓட்டுரிமைக்கு எழுதிப் போடப் போறேன்."

"அதெல்லாம் நடக்காது, பிள்ளை."

"நடக்கலைன்னா அப்பறம் டிவி பாக்கலாம்" என்றாள்.

மூன்று பேரும் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடி போட்ட, சாந்தமான ஒரு எழுத்தர் படிவத்தை வாங்கினார். "அப்பா சொந்த ஊரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "மன்னார்" என்றேன். "மன்னார்குடியா? எங்க அக்காவ அங்கிட்டுத்தான் குடுத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே கணினியில் தட்டினார். எழுத்துகள் திரையில் விழுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பொய் சொல்லவில்லை, அவர்தான் பிழையாக விளங்கிக்கொண்டார். பேசாமல் இருந்தால் போதும், மகள் இந்தியத் தகப்பனின் பிள்ளையாகிவிடுவாள். மேரியும் என்னைப் பார்த்தாள்.

நிரோஷா சொன்னாள்: "சார், மன்னார்குடி இல்ல. மன்னார். இலங்கை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்படின்னா இது வேற வழியா போகணும்மா. லேசுல முடியாது" என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்.

பஸ்ஸில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்தது. "அந்த மனுசன் தானாப் போட்டதை நீ ஏன் திருத்தினனி?"

அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நாளைக்கு யாராவது தோண்டி எடுத்தா அம்மா பேரும் சேந்து கெட்டுப்போகும். அதவிட, ஒங்க ஊர நானே எப்படிப்பா அழிக்கிறது?"

பிறந்த நாளிலிருந்து அந்த ஊரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அவளை வளர்த்தவன் நான். ஒரு நொடியில் அதை விட்டுக்கொடுக்கத் துணிந்ததும் நான்தான்.

அடுத்த வாரம் அந்த எழுத்தரே அவளைக் கூப்பிட்டு, என்னென்ன தாள் வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "உண்மையச் சொன்ன பிள்ளை, அதான்" என்றாராம். மேரி வீட்டில் பிறந்தவள், பிறப்புச் சான்று கிடையாது. ஆவூர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவிலிருந்து ஒரு நகல் எடுத்தோம். மேரியின் அண்ணன் தகரப் பெட்டியைக் கவிழ்த்து, அவளுடைய பள்ளிச் சான்றிதழைத் தேடித் தந்தார். ஒன்றரை வருடம் விசாரணைக்கு அலைந்தோம். இடையில் இரண்டு முறை தள்ளுபடி. ஒவ்வொரு முறையும் நிரோஷா அழுவாள், முகத்தைக் கழுவுவாள், அடுத்த மனுவை எழுதுவாள். அவளோடு அலைந்ததில் நானும் மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பினேன். இலங்கையில் ஆட்சி மாறி, வரிசைகள் குறைந்தன. விலை இறங்கவில்லை, ஆனால் அடுப்பு எரிகிறது என்றாள் ஜெசிந்தா.

போன தேர்தலுக்கு முன்னால் நிரோஷாவின் வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. மேரி அதைப் பூசை மாடத்தில் வைத்துவிட்டு, பிறகு எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

வாக்களிப்பு நாள் விடியற்காலை கிராம உதவியாளர் என்னைத் தேடி வந்தார். கட்சிக்காரர்கள் தாண்டாமல் இருக்க வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டர் தள்ளிப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு மழையில் அழிந்துவிட்டதாம். "அண்ணே, சுண்ணாம்பு வாளியோட கொஞ்சம் வாங்க" என்றார். போய்ப் பள்ளிக்கூடத் தெருவின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தேன். வெயில் ஏறியபோது தாயும் மகளும் அதைத் தாண்டி உள்ளே போனார்கள். எந்த நாட்டிலும் இதுவரை வாக்களிக்காத நான் வெளியே ஒரு வேப்பமர நிழலில் நின்றேன்.

திரும்பி வந்த நிரோஷா, மை வைத்த தன் விரலையும் தாயின் விரலையும் சேர்த்துப் பிடித்து, என் கையையும் இழுத்து வைத்துப் படம் எடுத்து மன்னாருக்கு அனுப்பினாள். "பாஸ்போர்ட் வந்ததும் முதல்ல ஒங்க ஊருக்குத்தான்பா" என்றாள். அவள் என் ஊருக்கு விசா எடுத்துத்தான் போக வேண்டும். அவளுடைய ஊரில் நான் அனுமதி வாங்கித்தான் இருக்க வேண்டும். அதைச் சொல்லாமல், எங்கள் காணிக்கு எந்தச் சந்தியில் இறங்க வேண்டும் என்று சொன்னேன்.

ஜெசிந்தாவிடமிருந்து பதில் வந்தது: "ரெண்டு விரலிலயும் மை தெரியுது. அண்ணன்ர கை ஏன் வெள்ளையாக் கிடக்கு?"

இங்கே கோடு போட்டது நான்தான் என்று எழுதி அனுப்பினேன். எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.