மீசையில் நின்ற சொட்டு

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் என் ஸ்டூடியோ இருக்கிறது. போர்டில் இருப்பது நந்தகுமார் என்கிற என் பெயர். வருகிறவர்கள் கேட்பதோ ஃபிசாவை. வயிறு எரியாதா? எரியத்தான் செய்யும். ஆனால் அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஒரு படத்தின்மேல் தண்ணீர்ச் சொட்டு வைப்பதைப் பார்த்தால், நம் கையே தானாக அதைத் துடைக்கப் போகும்.

ஃபிசா ராயப்பேட்டைக்காரி. பிளஸ் டூ முடித்த கையோடு, பாஸ்போர்ட் போட்டோ வெட்டுகிற வேலைக்கு வந்தாள். ஒரு நாள் ஜூஸ் கடை பேனருக்குத் தர்பூசணியில் நாலு சொட்டு வைக்கச் சொன்னேன். நெட்டில் ரெடிமேடாகக் கிடைப்பதை ஒட்டினால் முடிந்தது வேலை. இந்த மகராசி நிஜத் தர்பூசணி வாங்கி வந்து, தண்ணீர் தெளித்து, வாசல் வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில் படுற பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி, எதிர்ப் பக்கம் உள்ளாற பளபளப்பு, அடியில துளியூண்டு நிழல். அது இல்லன்னா கண்ணாடி மணி மாதிரி கீதுண்ணே."

பேனர் லேட். கடைக்காரரிடம் திட்டு வாங்கியது நான்.

இந்த வருடம் பட்டினப்பாக்கத்திலிருந்து ஜான்சி வந்தார். அங்கே மீன் விற்பவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய கணவர் மிக்கேல், போன வருடம் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். மாட்டி வைக்க இருந்தது ஒரே படம்தான். ஏதோ கார்டுக்காக எடுத்தது. வாரிய தலை, கழுத்துவரை பட்டன், உம்மென்ற முகம்.

"எம் பொண்ணு இதப் பாத்தாலே ஓடிப்பூடுதும்மா. 'இது எங்க அப்பா இல்ல, போலீசு'ங்குது. அவரு கடல்லேர்ந்து ஈரத்தோடவே வந்து அதத் தூக்குவாரு. அந்த மூஞ்சிதான் அதுக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம வருசப் பூச. அன்னிக்காவது புள்ள அப்பா பக்கத்துல நிக்கணும்மா. ஈரம் பண்ணித் தருவியா?"

ஃபிசா முகமெல்லாம் முத்து முத்தாகச் சொட்டு வைத்தாள். மறுநாள் வந்து பார்த்த ஜான்சி தயங்கினார்.

"கோச்சிக்காதம்மா. ஐஸ் பொட்டிலேர்ந்து எடுத்த மாதிரி கீறாரு. கண்ணுக்குக் கீழ கீதே, அதுவும் வாணாம். அழுவுற மாதிரி கீது."

ஃபிசாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் போனதும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையே எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணே, உங்களுக்கும் மீசை கீது. வாசலுக்கு வாங்க."

"அடிப்பாவி, இப்பதான் குளிச்சிட்டு வந்தேன்!"

யார் கேட்டார்கள்? ஒரு பக்கெட் தண்ணீர் மொத்தமும் என் தலையில். எதிரே பூக்கட்டுகிற அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். படத்தில் வெளிச்சம் இடது பக்கமிருந்து வருகிறதாம், என்னையும் வெயிலில் அப்படியே திருப்பி நிறுத்தினாள். கிளிக், கிளிக். மனிதன் முகத்தில் தண்ணீர் முத்தாக நிற்பதில்லை, ஓடிவிடுகிறது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்கிறது. புருவத்து ஓரமாக வழிந்து இறங்குகிறது. நிற்பதெல்லாம் காது மடலிலும் மீசை நுனியிலும்தான்.

ஃபிசா பழைய சொட்டுகளை எல்லாம் அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினாள். வாரிய தலையைக் கலைத்து, நனைத்து, நெற்றியில் ஒட்ட வைத்தாள். கன்னத்தில் லேசான மினுமினுப்பு. மீசை நுனியில் விழப்போகிற மாதிரி ஒரு சொட்டு. கண்கள் பக்கம் போகவே இல்லை. உம்மென்றிருந்த மனிதர் இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

சனிக்கிழமை ஜான்சி மகளோடு வந்தார். நாலு வயது ஷெரின், அம்மாவின் புடவையை விட்டு வெளியே வரவில்லை. ஃபிசா பிரேம் போட்ட படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். ஷெரின் எட்டிப் பார்த்தது. குழந்தை மெல்ல நாற்காலிப் பக்கம் போய் நின்று, படத்தையே பார்த்தது. பிறகு அம்மா பக்கம் திரும்பி, அதட்டலாக ஒரு குரல்:

"இன்னாம்மா பாத்துக்கினு கீற? அப்பாக்குத் துண்டு குடு!"

ஜான்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை. ஃபிசா தன் துப்பட்டா முனையை நீட்டினாள். ஷெரின் அதை வாங்கி, அப்பாவின் மீசையைத் துடைக்க ஆரம்பித்தது.