தேங்கா உடைக்கணும்னு சொன்ன அக்கா

நண்டத் தின்னது வாயி, வீங்கினது காலு. ஒத்தச் செருப்போட நொண்டிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்து நாற்காலியில ஒரு அக்கா. விரலெல்லாம் இஞ்சி மாதிரி முடிச்சு முடிச்சா இருந்துச்சு. பையில கட்டுன சூடான தே தாரிக் டீய ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சிருந்தாங்க. குடிக்கவே இல்ல.

“ஆறிடும் லா, அக்கா.”

“ஆறட்டும் தம்பி. இது வாய்க்கில்ல, விரலுக்கு. காலையில எந்திரிச்சா மடங்கவே மாட்டேங்குது.”

“கிருமியா?”

“கிருமின்னா பரவால்லயே! காயம் பட்டா வீங்குதுல்ல, அது நம்ம உடம்பே அனுப்புற காவலாளுங்களாம். வேலை முடிஞ்சா போயிடணும். எனக்குக் காயமே இல்ல, அவங்க வந்து என் விரலையே அடிக்கிறாங்கன்னு டாக்டர் சொன்னாரு.”

“எங்க மச்சான் மாதிரி. கூப்பிடாமலே வருவான், வந்தா நம்மளத்தான் அடிப்பான்.”

வாய் விட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் கையப் பாத்தாங்க.

“தைப்பூசத்துக்கு ரதம் வர்றப்ப நானே ஒரு தேங்காய ஓங்கி ரோட்டுல உடைக்கணும், தம்பி. இப்பல்லாம் மகன்தான் உடைக்கிறான். வேண்டுதல் என்னுது, சத்தம் அவனுது. இன்னிக்குப் புது மருந்து தர்றாங்களாம், பாப்போம்.”

அதுக்குள்ள என் நம்பரக் கூப்பிட்டாங்க. திரும்பி வந்தா அக்கா இல்ல. பேரக்கூடக் கேக்கல, பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத மூளை, வேற எப்படி இருக்கும்?

இப்ப தைப்பூசம் வந்தா டத்தோ கிராமட் ரோட்டோரம் நிப்பேன். ரதம் வர்றப்ப எல்லாரும் முருகனப் பாத்துக் கும்பிடுவாங்க. நான் மட்டும் பொம்பளைங்க கையையே பாத்துக்கிட்டு நிப்பேன். பொண்டாட்டி முறைப்பா. முறைக்கட்டும். எங்கயாவது ஒரு முடிச்சு விரல் தேங்காயத் தலைக்கு மேல தூக்காதா?