வலிக்காமல் வந்துபோனது

ஏரியில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தோம். மார்கழிக் குளிர். எனக்கு மட்டும் முகமெல்லாம் வேர்வை ஊற்றியது.

கூட வந்த என் ஓரகத்தி காந்தா நிமிர்ந்து பார்த்தாள். “இன்னாக்கா, தண்ணில நின்னுக்கினு வேர்க்குது உனக்கு?”

மூச்சு வாங்கியது. நெஞ்சில் வலி இல்லை.

“ஏரில செத்தது எதுவோ உன்ன தொட்டுடுச்சிக்கா” என்று சொல்லி, சாயங்காலம் வேப்பிலை அடித்தாள். நானும் நம்பினேன். அன்று ஏரியில் நின்றபோது காலடியில் சேறு இருப்பதே தெரியவில்லை. வேறு யார் காலிலோ நிற்பது போலிருந்தது.

எனக்குச் சர்க்கரை உண்டு. அதற்கு மாத்திரை போடுவேன். கொலஸ்ட்ராலுக்கு (ரத்தத்தில் உள்ள கொழுப்பு) கொடுத்ததை மட்டும் போடவில்லை. ஒட்டிய உடம்பு, இதில் கொழுப்பு ஏது என்று நினைத்தேன். டாக்டரிடம் கேட்கவும் வெட்கம்.

மறுநாளும் மூச்சு வாங்கியது. மகன் பொன்னேரிக்குக் கூட்டிப்போனான். எக்கோ (இதயம் அசைவதைத் திரையில் காட்டும் சோதனை) எடுத்தார்கள். நெஞ்சில் பசை தடவும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

“மாரடைப்பு வந்திருக்கும்மா” என்றார் டாக்டரம்மா.

“ஏரில வேர்த்துச்சே, அதுவா?”

“அது ரெண்டாவது. இந்த இடம் அசையவே இல்ல, பாருங்க. இது பழசு. எப்பவோ செத்துப்போச்சு.”

“வலிக்கலியேம்மா.”

“சர்க்கரை நரம்பை மழுக்கிடும், வலி தெரியாது. நல்ல கொழுப்பையும் குறைச்சிடும். கெட்டது ரத்தக்குழாய்ல படியும், ஒல்லியா இருந்தாலும். மாத்திரைய விட்டா மூணாவதும் இப்படித்தான் வரும்.”

வெளியே வந்ததும் மகன் கேட்டான்: “எம்மா, மொத தபா எப்பம்மா வந்துச்சு?”

எனக்குத் தெரிந்தால்தானே.

ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் சிறு கம்பிவலை) வைத்தார்கள். காந்தா பார்க்க வந்து, “இன்னாக்கா, நெஞ்சுலயே வலை வச்சிட்டாங்களாமே” என்றாள். சிரித்தேன். அவளும் சிரித்து, பாதியில் அழுதுவிட்டாள்.

சர்க்கரை உள்ளவர்களே, வலிக்குக் காத்திருக்காதீர்கள். காரணமில்லாமல் வேர்த்தால், மூச்சு வாங்கினால், வெட்கப்படாமல் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த முதல் நாளை இன்னும் தேடுகிறேன். பேத்திக்குக் காது குத்திய அன்றா? நண்டு விற்றுவிட்டுப் பஸ்ஸில் தூங்கிப்போனேனே, அன்றா? எதுவானாலும் அன்று யாரும் அழவில்லை. நானும் வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டுப் படுத்திருப்பேன்.

என்னில் ஒரு பங்கு எனக்குச் சொல்லாமலே முன்னால் போய்விட்டது. மிச்சத்துக்காகத்தான் இப்போது மாத்திரை போடுகிறேன்.