கால்வாய்ப் பாலத்தில் நின்ற பஸ்

எழுபதுகளில் தேவாரம் என்கிற ஊரில் ரேடியோ செட் கடை வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் என் ஒலிபெருக்கிக் குழாய்தான் மரத்தில் ஏறும். பாட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பட்டதற்கெல்லாம் அதுதான் காரணம்.

மலையில் ஏலக்காய் எஸ்டேட் கணக்கர் ஒருவர், மலையாளி, ஊரைவிட்டுப் போகும்போது ஒரு கிராமபோன் பிளேட்டைக் கொடுத்தார். தென்னமெரிக்க டாங்கோ, ஜோடி சேர்ந்து ஆடுகிற சங்கீதம் என்றார். பாடுகிறவர் கிடையாது. மேளமும் கிடையாது, ஆனால் தாளம் இம்மி பிசகாது. ஆர்மோனியம் போல ஒரு துருத்திப் பெட்டி மூச்சு வாங்கும். வயலின்கள் அழும். அடியில் பியானோ, யாரோ நம் வீட்டைத் தேடி நடந்து வருகிற மாதிரி அடியெடுத்து வைக்கும். எனக்குப் பயமாகவும் இருந்தது, திரும்பத் திரும்பக் கேட்கவும் தோன்றியது.

என் தங்கை கல்யாணத்தன்று காலை, கெங்குவார்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டு பஸ் வருகிற நேரம். முதல் பாட்டு சாமி பாட்டாக இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். சம்பந்திகள் இதுவரை கேட்காததைக் கேட்கட்டும் என்று நான் டாங்கோவைப் போட்டேன். ஆடுகிற பாட்டுதானே, கல்யாணத்துக்கு ஆகாதா என்று நினைத்தேன். பெரிய தலைவர் யாராவது செத்தால் ரேடியோவில் பாட்டை நிறுத்திவிட்டு வெறும் வயலினை அழவிடுவார்கள். அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பஸ் கால்வாய்ப் பாலத்திலேயே நின்றுவிட்டது. பெண் வீட்டில் சாவு என்று பூத்தட்டுகளைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். அப்பா ஓடிப்போய்க் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தார். நான் பாதியிலேயே ஊசியைத் தூக்கியிருந்தேன். தாலி நல்ல நேரத்தில்தான் ஏறியது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா பந்தியில் கை நனைக்கவில்லை.

அந்த வருஷம் அவர்கள் வீட்டு எருமை செத்தது, கிணறு வற்றியது. எல்லாம் அந்தச் சாவுப் பாட்டோடு வந்தவளால் என்று தங்கையைச் சொல்லிச் சொல்லியே கரித்தார்கள். பிளேட்டை உடைத்துவிட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்தேன். பொய். துணியில் சுற்றிக் கடையில் ஒரு பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன்.

மூன்றாம் வருஷம் மச்சான் ரத்தமாக இருமத் தொடங்கினார். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு மத்தியானம் தங்கை அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"நீ உடைச்சிருக்க மாட்டண்ணே. அதப் போடு. பாதிதான கேட்டேன், மீதியையும் கேட்டுர்றேன்."

பெட்டிக்கு அடியிலிருந்து பிளேட்டை எடுத்துப் போட்டேன். கடை வாசலில் சோதனைக்கு வைத்திருந்த குழாயைக் கழற்றத் தோன்றவில்லை. மூன்று நிமிஷம் அவள் அசையவில்லை. கடைசியில் பியானோ இரண்டு முறை அடித்தது, இரண்டாவது மெல்ல. பாட்டுக்குள் நடந்து வந்தவர் வாசலில் வந்து நின்றுவிட்டார். அப்புறம் ஊசி தேய்கிற சத்தம் மட்டும்தான்.

எதிர் டீக்கடையில் ரேடியோவை அணைத்திருந்தார்கள். கடைக்காரர் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி வந்தார்.

"யாரு போயிட்டாக?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை பதில் சொன்னாள்.

"இன்னும் யாரும் போகலண்ணே."

அவர் அவள் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தார். துண்டைத் திரும்பத் தோளில் போடவில்லை.