அத்தான் போகச் சொன்னார்

அந்தத் தொப்பியை அத்தானுக்கு வாங்கி அனுப்பியதே அவருடைய தம்பிதான். கலிபோர்னியாவிலிருந்து வந்த பெட்டியில் அக்காவுக்கு ஒரு கைப்பை, பிள்ளைகளுக்குச் சொக்கலேட், எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்ரிக் உறையோடு அந்தத் தொப்பி. அமெரிக்கத் தலைவரின் ஆதரவாளர்கள் தேர்தல் கூட்டங்களுக்குப் போட்டுக்கொண்டு போவது. அத்தான் கேட்டிருந்தார், தம்பி கடை கடையாகத் தேடி வாங்கியிருந்தான். விசா இல்லாமல் அந்த நாட்டுக்குள் கால்நடையாய் நுழைந்தவன், விசா இல்லாதவர்களையெல்லாம் துரத்தப்போவதாக மேடை மேடையாகச் சொல்லுகிற ஒருவரின் தொப்பியை அண்ணனின் ஆசைக்காக வாங்கி அனுப்பினான். அத்தான் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியின் முன்னால் அங்குமிங்கும் திரும்பிப் பார்த்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மெல்பேர்ணில் ரோவில் பக்கம் அவர்களுடைய வீடு. நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எப்போதும் அங்கேதான். சோறும் மீன்குழம்பும் மேசைக்கு வருமுன்பே அத்தான் தொலைக்காட்சியில் அமெரிக்கச் செய்தியைப் போட்டுவிடுவார். எங்கள் ஊர் அரசியல் அவருக்குச் சலித்துவிட்டது, ஒஸ்ரேலிய அரசியலில் உப்புச் சப்பில்லை, அமெரிக்காவில்தான் ஆண்பிள்ளைத்தனமான தலைவர் இருக்கிறார் என்பது அவருடைய கட்சி. ஒருநாள் பெற்றோல் நிலையத்தில் யாரோ வெள்ளைக்காரப் பெடியன் தொப்பியைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினானாம். அதை ஒரு கிழமைக்குச் சொல்லித் திரிந்தார். “அவன் தொப்பியைத்தான் பாத்தவன் அத்தான், அதுக்குக் கீழை இருந்த முகத்தைப் பாக்கேல்லை” என்று நான் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும், அந்த மனிசனுக்குக் கேலியைத் தாங்குகிற பெருந்தன்மை இருந்தது.

தாங்காதது ஒன்றைத்தான். அவரை யாரும் அகதி என்று சொல்லிவிடக் கூடாது. தொண்ணூறுகளில் படிக்க வந்தவர். படிப்பு முடிகிற நேரம் ஊரில் சண்டை உக்கிரமாகி, திரும்பிப்போக வழியில்லாமல், இங்கே பாதுகாப்புக் கேட்டு எழுதிப் போட்டு, கிடைத்து, பிறகுதான் பொறியியலாளர், வீடு, கார், எல்லாம். ஆனால் கேட்டால் “நான் பிளேனிலை வந்தனான்” என்பார். படகில் வந்தவர்கள் வேறு சாதி மாதிரி. கோயிலில் கூடப் படகில் வந்த பெடியன்களோடு இரண்டு வார்த்தைக்கு மேல் கதைக்க மாட்டார். மெல்பேர்ணின் மேற்கே டார்னெய்ட் பக்கம் போய்வந்தால், முழுக்க இந்தியாக்காரர், றோட்டிலே கார் விட ஏலாது, இவ்வளவு பேரை ஏன்தான் இறக்குமதி செய்கிறார்களோ என்று தொடங்குவார். “அவையும் பிளேனிலைதான் வந்தவை, அத்தான்.” “அது வேறை, மச்சாள்.” உங்களுடைய தம்பி? “அதுவும் வேறை.” எல்லாம் வேறாகத்தான் இருந்தது.

தம்பியை நான் ஒருமுறைதான் நேரில் பார்த்திருக்கிறேன், அக்காவின் கலியாணத்தில், அரைக்காற்சட்டையோடு. தகப்பன் போன பிறகு அவனைத் தொலைபேசியிலேயே வளர்த்தவர் அத்தான். என்ன பாடம் படிக்க, ஆள் அனுப்புகிற எந்த ஏஜென்சியை நம்ப, அமெரிக்காவில் எந்த ஊரில் இறங்க, என்ன வேலைக்குச் சேர, எல்லாம் அண்ணனைக் கேட்டுத்தான். தென்னமெரிக்கக் காடுகளுக்குள்ளால் நடந்துபோன அந்த நாட்களில் அத்தான் சாப்பிடாமல் கிடந்ததை அக்கா சொல்லுவாள். பிறகு அங்கேயே ஒரு மன்னார்ப் பிள்ளையைக் கட்டினான், மகள் பிறந்தாள். குழந்தைக்குப் பெயர் வைத்ததும் அத்தான்தான். பெற்றவளுக்கு வேறொரு பெயர் பிடித்திருந்ததாம், அதைப் பிறகுதான் அறிந்தோம். அந்த ஆளுக்குப் பாசம் இல்லையென்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பாசம் என்றால் தீர்ப்புச் சொல்வது என்று விளங்கி வைத்திருந்தார்.

தம்பியின் அகதி வழக்கு தோற்று, மேல்முறையீடு இழுபட்டுக்கொண்டிருந்தது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்த் தான் இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வர வேண்டும். முந்திய வருடங்களில் போனான், ஒரு கையெழுத்துப் போட்டான், வந்தான். இந்த முறை அத்தானின் தலைவர் ஆட்சிக்கு வந்துவிட்டார். ஒரு வியாழக்கிழமை அத்தான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். நானும் அங்கேதான் இருந்தேன், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூட நாடகத்துக்கு உடுப்புத் தைக்க அக்காவிடம் துணி வாங்க வந்திருந்தேன்.

“அண்ணை, வெள்ளிக்கிழமை போகவேணும். போகவேண்டாம் எண்டு இவள் அழுறாள். கோயிலுக்கு வாற ஒராளை அப்பிடிப் போன இடத்திலையே வைச்சுப் பிடிச்சுப்போட்டாங்கள். என்ன செய்யிறது?”

“நீ களவெடுத்தனியே? ஆரையும் வெட்டினனியே?” அத்தான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கள்ளரையும் காடையரையும்தான் பிடிக்கிறாங்கள். நீ வேலைக்குப் போறாய், வரி கட்டுறாய். அரசாங்கம் கூப்பிட்டால் மரியாதையாப் போறது. வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நேரத்துக்குப் போ.”

பின்னாலிருந்து தம்பியின் மனைவியின் குரல் கேட்டது. “பெரியத்தான், ஒருக்கா நான் சொல்லுறதையும் கேளுங்கோ.”

“பிள்ளை, நீர் பயந்து அவனையும் பயப்படுத்தாதையும்.”

“அத்தான், அவை அங்கை இருக்கினம். அங்கத்தை நிலைமை அவைக்குத் தெரியாதே?” என்றேன். அத்தான் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். “நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன், மச்சாள். உமக்கு உந்த அரசியல் விளங்காது.” பிறகு தம்பி சொன்னான், “சரி அண்ணை. நீங்கள் சொன்னால் போறன்.”

நியாயமாகச் சொல்ல வேண்டும். போகாமல் விட்டால் தலைமறைவு என்று எழுதிவிடுவார்கள், பிறகு வழக்கே இல்லை என்று அங்குள்ள லோயரும் சொல்லியிருந்தார். தன்னோடு சேர்ந்து போகலாம், ஆனால் தனக்குத் தோதான நாள் வரும்வரை தவணை கேட்போம் என்றும் சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது பாதியைச் சொல்லத்தான் தம்பியின் மனைவி வாயைத் திறந்தாள். கேட்க அத்தானுக்குப் பொறுமை இருக்கவில்லை. தலைவர் நல்லவர்களைத் தொடமாட்டார் என்று அவர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கையில் தம்பியைத் தனியாக அனுப்பினார்.

அவர்களுக்கு வெள்ளி பின்னேரம், எங்களுக்குச் சனி காலை. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக நான் போனபோது அத்தானும் அக்காவும் மேசையிலேயே இருந்தார்கள். ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் குளிரிலும் புல் வெட்டிக்கொண்டிருந்தார். தம்பி உள்ளே போய்விட்டான், மனைவி குழந்தையோடு வெளியே காருக்குள் இருக்கிறாள் என்றாள் அக்கா. அவளுக்கும் நிரந்தர விசா இல்லை, அந்த வாசலில் நிற்பதே ஆபத்து. அத்தானின் போன் மேசையில் மல்லாந்து கிடந்தது. வெளிச்சம் வரும்போதெல்லாம் மூன்று பேரும் குனிந்தோம். ஒருமுறை மின்சாரக் கட்டணம் பற்றிய செய்தி, ஒருமுறை யாரோ அனுப்பிய காலை வணக்கம், பூப்படத்தோடு. அந்தப் பூவை அனுப்பியவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

“வழமையா அரை மணித்தியாலத்திலை வந்திடுவான்” என்றார் அத்தான். கொஞ்சம் கழித்து, “இண்டைக்குச் சனம் கூடவாயிருக்கும்” என்றார். பிறகு எழுந்துபோய்த் தொலைக்காட்சியைப் போட்டார். எனக்கு ஆத்திரம் மூக்குக்கு மேல் வந்தது, இந்த நேரத்திலுமா என்று. அவரைப் பார்த்தபோதுதான் விளங்கியது. சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, திரைக்குக் கிட்டப் போய் நின்று, தலைவரின் தோளுக்குப் பின்னால், கீழே ஓடுகிற வரிகளுக்குள்ளே, எங்கேயாவது தன் தம்பி இருக்கிறானா என்று தேடிக்கொண்டிருந்தார். ஐயோ, அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை.

போன் வந்தபோது அக்காதான் எடுத்தாள். தம்பியின் மனைவி அழவில்லையாம், குரல் மட்டும் தட்டையாக இருந்ததாம். காவலாள் வந்து காரின் கண்ணாடியைத் தட்டி, தம்பியின் பெல்ற்றையும் சப்பாத்து நூலையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவரைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள், எங்கே என்று சொல்லுகிறார்கள் இல்லை, என்றாளாம். அவ்வளவுதான். அத்தான் கராஜுக்குள் போய் நின்றார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளைப் பற்றி என்ன சொல்ல? தம்பியைக் கலிபோர்னியாவிலிருந்து எடுத்து வேறொரு மாநிலத்து முகாமில் போட்டார்கள். அந்த நாட்களில் இங்கேயும் நகரத்துக்குள் கொடிகளைப் பிடித்துக்கொண்டு குடியேறி வந்த எங்களுக்கெதிராக ஊர்வலம் போனார்கள். நீ பிளேனிலா வந்தாய், படகிலா வந்தாய் என்று கேட்டா கத்தினார்கள்? அத்தான் அதைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை நிறுத்தினார். ஒரு மத்தியானம் சாப்பிட வந்த அவருடைய பழைய சிநேகிதர், விஷயம் தெரியாமல், “அங்கை கள்ளரைத்தானே பிடிக்கிறாங்கள், நல்ல வேலைதானே” என்று தொடங்கினார். அது அத்தானின் வசனம், அச்சொட்டாக அவருடையதேதான். நாங்கள் எல்லோரும் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தான் எழும்பிக் குசினிக்குள் போய், கழுவிவைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினார். எத்தனை ஞாயிறு இந்த மனிசனோடு வாதாடி வெல்ல வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றிருப்பேன்! இப்படி வெல்லவா கேட்டேன்? சிநேகிதரின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டேன், வேறு என்ன செய்ய?

முகாமிலிருந்து வெளிநாட்டுக்கு அழைப்பது பெரும்பாடு. அதனால் தம்பியின் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். தம்பி அவளுடைய போனுக்கு எடுப்பான், அவள் இன்னொரு போனில் வாட்ஸ்அப்பில் எங்களை எடுத்து, இரண்டையும் முகத்துக்கு முகம் பொருத்திப் பிடித்துக்கொள்வாள். குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அப்படித்தான் ஒரு ஞாயிறு காலை அவன் வந்தான். நலம் விசாரிக்கவில்லை, நேரம் இல்லை.

“அண்ணை, ஒரு கடுதாசி நீட்டுறாங்கள். கையெழுத்துப் போட்டால் கெதியிலை கொழும்புக்கு அனுப்பிப்போடுவாங்களாம். போடாட்டில் எவ்வளவு காலம் உள்ளுக்கை எண்டு தெரியாது, வேறை ஏதும் நாட்டுக்குக் கூட அனுப்புவினமாம். நாளைக்குச் சொல்லவேணும். போடட்டோ?”

அத்தான் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவருடைய தோளில் கை வைத்தாள். அழைப்பு முடியப்போகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு பதிவுக்குரல் சொன்னது.

“தம்பி…” என்றார். “எனக்குத் தெரியேல்லையடா.”

அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகளின் கணக்குப் பாடத்துக்குக் கூடச் சொன்னதில்லை. மற்றப் பக்கத்தில் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தம்பி, சின்னப் பிள்ளை மாதிரி, “அப்ப நான் ஆரைக் கேக்கிறது, அண்ணை?” என்றான்.

இரண்டு போன்களுக்கும் நடுவிலிருந்து அவள்தான் பேசினாள்.

“என்னைக் கேளுங்கோவன்” என்றாள். “நான் இவ்வளவு நாளும் இங்கைதானே நிக்கிறன்.”

தம்பி அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு, “போடட்டோ?” என்று அவளைக் கேட்டான். “போடாதேங்கோ. லோயர் திங்கட்கிழமை வாறார். அவர் வந்து நிக்காமல் ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ” என்றாள். இணைப்பு அறுந்தது.

அவன் கையெழுத்துப் போடவில்லை. இதை எழுதும்போதும் உள்ளேதான் இருக்கிறான். வழக்குக்குத் திகதி கொடுப்பதும் மாற்றுவதுமாய் இருக்கிறார்கள், என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஞாயிறு காலைகளில் அத்தான் அவளுக்குத் தானே போன் எடுக்கிறார். குழந்தை சாப்பிட்டதா என்று கேட்பார், லோயர் என்ன சொன்னார் என்று கேட்பார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில், “பிள்ளை, இப்ப நான் என்ன செய்யவேணும்?” என்று கேட்பார். அவள் சில நாளைக்கு ஏதாவது சொல்லுவாள். சில நாளைக்கு, ஒன்றும் செய்யவேண்டாம் பெரியத்தான், என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.