டிவி மேல் உருகிய எண்ணெய்

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடும். தலைக்குத் தேய்க்க வேண்டுமானால் வெயிலில் வைக்க வேண்டும், அவசரமென்றால் அடுப்போரம். எங்கள் வீட்டில் மட்டும் அது டிவி மேல் உருகியது. விடிந்ததும் போட்டுவிட்ட பெட்டியின் சூட்டில் பாட்டிலின் ஓரமெல்லாம் முதலில் தெளிந்து, நடுவிலிருந்த கட்டி மெல்ல மெல்லச் சிறுத்துக் காணாமல் போகும்போது, சூடேறிய பிளாஸ்டிக்கும் எண்ணெயும் கலந்த ஒரு மந்தமான வாசனை எங்கள் ஒற்றை அறை முழுவதும் பரவும். தேங்காய் எண்ணெய் என்றால் பலருக்கு அம்மாவின் கை ஞாபகம் வரும் என்கிறார்கள். எனக்குக் குமட்டும். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில், ஏரிக்கரையை ஒட்டியது எங்கள் காலனி. கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடும் மாதாவுக்குத் தேர் இழுக்கிற வீடும் அங்கே ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். பாதிக்குப் பாதி இரண்டும் அண்ணன் தம்பி வீடாகவும் இருக்கும். என் பெரியப்பா ஆடி மாதம் காப்புக் கட்டிக்கொள்கிறவர். அவர் தம்பியான என் நைனாவோ, அம்மாவைக் கட்டுவதற்காக மாதா கோயிலில் தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டவர். "சாமிதான் வேற, சனம் ஒண்ணுதான்" என்பார்கள் பெரியவர்கள். பூசைக்குச் சாமியார் மாதம் ஒருமுறை டவுனிலிருந்து வருவார், மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துகிற உபதேசியார் ராஜ்ஜியம். கல்லறைத் திருநாளன்று அந்த உபதேசியார் கல்லறைத் தோட்டத்து நடுவில் நின்றுகொண்டு இன்னார் மகன் இன்னார் என்று செத்தவர்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பேர் விழுந்ததும் அந்த வீட்டார் தங்கள் மெழுகுவத்தியைக் கொளுத்த வேண்டும். எல்லா மெழுகுவத்தியும் எரிகிறபோது எங்கள் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

என் அண்ணன் அருளுக்கு இழுப்பு இருந்தது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே கண் மேலே செருகி, வாயில் நுரை தள்ளி விழுவான். தெரு ஓடிவந்து கையில் சாவிக் கொத்தைத் திணிக்கும். அம்மா கட்டாத கயிறு இல்லை, வைக்காத நேர்ச்சை இல்லை. கடைசியில் யாரோ சொல்லிச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, அங்கே கொடுத்த மாத்திரையில் இழுப்பு நின்றது. நின்றதென்றால் சுத்தமாக நின்றது. கபடி ஆடினான், ஏரியில் மீன் பிடித்தான், என்னைக் குட்டினான். ஆனால் மாத்திரை அவனுக்குத் தூக்கத்தைக் கொடுத்தது; வகுப்பில் தூங்கி வழிந்தவனுக்குத் "தூங்குமூஞ்சி" என்று வாத்தியார் வைத்த பேர் தெரு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு இழுப்பைவிட அந்தப் பேர்தான் அதிகம் வலித்தது. பையன் மாத்திரையே இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்க டிவி வந்தது. கூடவே கேபிள். எங்கள் காலனி அதற்கு முன் பிரசங்கம் கேட்காததல்ல. வந்தவாசி ரோட்டில் சிமெண்ட் ஷீட் போட்ட பெந்தகோஸ்தே சபை ஒன்று ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பீக்கரை அலறவிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கோட்டு சூட்டு போட்ட ஒரு ஊழியக்காரர், காலை நாஷ்டாவுக்கு முன்னால், வீட்டுக்குள்ளேயே வந்து நம்மைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார் என்றால் அது வேறு சங்கதி அல்லவா. கொஞ்ச நாளில் தெருவே மாறிப்போனது. வணக்கம் போய் "பிரைஸ் த லார்ட்" வந்தது. மாதா கோயில் உபதேசியார்கூட டிவிக்காரரைப் போலக் குரலை உடைத்து உடைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். பொட்டை அழித்தவர்கள், கம்மலைக் கழற்றியவர்கள், பூவை விட்டவர்கள் என்று பெண்கள் ஒவ்வொரு படியாக ஏறினார்கள். டிவி மேல் எண்ணெயோ தண்ணீரோ வையுங்கள், நான் ஜெபிக்கும்போது அதில் வல்லமை இறங்கும் என்று ஊழியக்காரர் சொன்னதும் எங்கள் டிவி மேல் பாட்டில்கள் வரிசை கட்டின. அதில் ஒன்று, அம்மனுக்குக் கூழ் ஊற்றும் என் பெரியம்மாவுடையது. "எந்தச் சாமி செஞ்சா இன்னா, மூட்டு வலி போனா சரி" என்று உட்கார்ந்துகொள்வாள்.

அந்த ஊழியக்காரர் செய்த இன்னொரு வேலை, ஜெபத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிடுவது. சகோதரி மேரி, சகோதரன் குமார், உங்கள் கட்டி கரைகிறது, உங்கள் கடன் தீர்கிறது என்று அடுக்குவார். தமிழ்நாட்டில் மேரிக்கும் குமாருக்குமா பஞ்சம்? இதை இன்றைக்கு நான் கேட்கிறேன். அன்றைக்குக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவரவர் பேருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

டிவி வந்த பிறகான முதல் மார்கழி. கட்டியாக உறைந்த எண்ணெயோடு அம்மா எங்கள் பாட்டிலை மேலே வைத்துவிட்டு முட்டி போட்டிருந்தாள். ஊழியக்காரர் கண்ணை மூடினார்.

"சகோதரி ஸ்டெல்லா, உங்க பிள்ளைக்காக எத்தனை வருஷமா அழுதுட்டிருக்கீங்க. இந்த நிமிஷம் கர்த்தர் அவனைத் தொடுகிறார்."

அம்மாவின் பேர் ஸ்டெல்லா. எங்கள் தெருவில் இன்னொரு ஸ்டெல்லாவும் இருந்தாள், ஆனால் அவளுக்குப் பிள்ளையே இல்லை. ஆகவே இது அம்மாவுக்குத்தான் என்று கூடியிருந்த பெண்கள் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் பெரியம்மா மேலே பார்த்தாள். "அடியே ஸ்டெல்லா, எண்ணெயப் பாரேன்." கொஞ்ச நேரத்துக்கு முன் கல்லாக இருந்தது தண்ணீராக நின்றது. பெட்டிச் சூட்டில் எண்ணெய் உருகும் என்று சொல்ல அந்த அறையில் ஒரு நாதியும் இல்லை. அடுப்போரம் ஆயிரம் தடவை எண்ணெயை உருக்கிய பெண்கள்தான் அத்தனை பேரும்.

அம்மா அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினாள். மாத்திரையும் நடக்கட்டும் ஜெபமும் நடக்கட்டும் என்று நைனா இழுத்துப் பார்த்தார். பொட்டலத்தை உடனே எறிய அம்மாவுக்கும் மனசு வரவில்லை, டிவிக்குப் பின்னால்தான் ஒளித்து வைத்தாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்கிறவர்களுக்கு அற்புதம் நிலைக்காது என்று வந்தவாசி ரோடு சபையில் சொன்ன பிறகுதான் அதை அடுப்பில் போட்டாள். அருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை. வாரக்கணக்காக ஒன்றும் ஆகவில்லை, தூக்கமும் தெளிந்து பையன் துள்ளிக்கொண்டு திரிந்தான். சபையில் அம்மாவை மேடையேற்றி மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அதுவரை வயல்காட்டில் அதட்டலுக்குக் குனிந்தே பழகிய என் அம்மா, மாதா கோயிலில்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்த என் அம்மா, மைக் பிடித்துப் பேசினாள், சனம் கை தட்டியது. அவள் முகம் அன்றைக்கு இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன். அந்த மாதமே வெள்ளைப் புடவை கட்டி, சபை ஞானஸ்நானத்துக்கு ஏரியில் இறங்கி "முழுக்கு" எடுத்தாள். மாதா கோயில் பஞ்சாயத்து கூடி, மறுபடி முழுக்கு எடுத்தவள் வீட்டுக்குக் கோயிலில் பேர் கிடையாது என்று எங்கள் குடும்பத்தையே கோயில் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

பங்குனியில் ஒருநாள் நைனா டிவி முன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். அதே கோட்டு, அதே கண்ணீர், அதே சகோதரி ஸ்டெல்லா.

"இன்னாடி, அன்னிக்கி சொன்னதயே சொல்லிக்கினு கீறான்? இது பழைய படம்டி."

"உன் அவிசுவாசத்துக்குத்தான் கர்த்தர் ரெண்டாந்தபா ஞாபகப்படுத்துறாரு" என்றாள் அம்மா. நைனா கையை உதறிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஆடிக் கடைசியில் அம்மா களை எடுக்கப் போயிருந்த கொல்லைக்காட்டுக்கு அருளும் நானும் சோறு கொண்டுபோனோம். நான் தூக்குவாளியோடு பெண்களிடம் போய்விட்டேன். அவன் கால் கழுவ மோட்டார் வாய்க்காலில் இறங்கினான். கணுக்கால் அளவுதான் தண்ணீர். சோற்றைப் பிரித்து வைத்த பிறகும் ஆள் வரவில்லையே என்று போய்ப் பார்த்தபோது குப்புறக் கிடந்தான். புரட்டிப் போட்டார்கள். மூக்கெல்லாம் சேறு. அம்மா அழவில்லை. "வூட்டுக்கு ஓடு, டிவி மேல கீற எண்ணெய எடுத்தா" என்றாள். ஓடினேன். நெஞ்சு வெடிக்க ஓடி எடுத்துவந்தேன். அவள் அந்தப் பாட்டிலை அப்படியே அவன் தலையில், நெற்றியில், நெஞ்சில் கவிழ்த்துத் தேய்த்தாள். ஏசுவே ஏசுவே என்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெயிலில் எண்ணெய் மினுமினுக்க என் அண்ணன் கிடந்தான். அந்த வாசனைதான், இப்போது புரிகிறதா?

அழுது முடிப்பதற்குள் குழிக்கு அலைய வேண்டியிருந்தது. உபதேசியார் நல்ல மனிதர், எங்களோடு அழுதார், ஆனால் "பேர எடுத்தாச்சே கன்னியப்பா, நான் இன்னா பண்ணுவேன்" என்று நைனாவிடம் கையை விரித்தார். சாமியாரிடம் போனில் கேட்டார்கள், ஊர் முடிவுக்கு விட்டுவிட்டேன் என்றாராம். சபைக்குக் கல்லறை இடமே கிடையாது. அங்கிருந்து வந்த பாஸ்டர் நீளமாக ஜெபித்துவிட்டு, எங்கேயோ விசுவாசத்தில் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது சிஸ்டர், ஆராய்ந்து பாருங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பாவி, அந்த வார்த்தையை அவர் விழுங்கியிருக்கலாம். பொழுது சாய்கிற நேரத்தில் பெரியப்பா கையில் கட்டிய காப்போடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்க சுடுகாட்டுல தோண்டறேன். எவன் வந்து கேக்கறான் பாக்கலாம்." ஏரிக்கரை ஓரம், சிலுவை இல்லாமல், ஒரு கருங்கல்லைத் தலைமாட்டில் நட்டு அவனைப் புதைத்தோம். மறுநாள் பெரியம்மா சத்தமில்லாமல் வந்து டிவி மேலிருந்த தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் டிவியின் அடியில் ஓடுகிற நம்பருக்கு அம்மா நைனாவின் பட்டன் போனில் அடித்தாள். எடுத்த பெண் மிகவும் கனிவாகப் பேர் கேட்டாள். தன் பேரைச் சொல்லி, என் பிள்ளை அருள், அவனுக்கு இழுப்பு என்று அம்மா ஆரம்பிப்பதற்குள், அந்தப் பெண் ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள். அருளுக்கு நீடித்த ஆயுசைக் கொடும் ஆண்டவரே, அவன் படிப்பை ஆசீர்வதியும், அவனுக்கேற்ற நல்ல துணையைக் கொடும் என்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா கடைசிவரை கேட்டு, ஆமென் சொல்லி, போனை வைத்தாள்.

இப்போது நைனா இல்லை. அரசாங்க டிவி காயலான் கடைக்குப் போய்ப் பல வருஷமாகிறது. அதன் மேல் எண்ணெய் வைக்கிற வழக்கமும், புதுப் பெட்டிகள் தட்டையாகிப்போனதால், ஒழிந்தது. அந்த ஊழியக்காரர் மட்டும் எங்கும் போகவில்லை. முடிக்கு மை பூசிக்கொண்டு செல்போனுக்குள் இருக்கிறார், அம்மா இன்றைக்கும் பார்க்கிறாள். வாய் பொறுக்காமல் ஒருமுறை சண்டைக்கே போனேன், இவனையா இன்னும் பார்க்கிறாய் என்று.

"அவர இன்னாத்துக்கு வையற? அது எனக்குச் சொன்னது இல்ல. வேற எந்த ஸ்டெல்லாவுக்கோ சொன்னத நான் வாங்கிக்கினேன்" என்றாள்.

இத்தனை வருஷம் இதையா நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள்?

போன கல்லறைத் திருநாளுக்கு ஒரகடத்துக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் மகன் பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது மைக்கில் கேட்டது. நாங்கள் அதைத் தாண்டி ஏரிக்கரைக்கு நடந்தோம். கரையைப் பலப்படுத்துகிறோம் என்று ஜேசிபி விட்டு மண்ணைப் புரட்டிப் போட்டு மேலே ரோடும் போட்டிருந்தார்கள். கருங்கல்லும் இல்லை, மேடும் இல்லை, பக்கத்தில் நின்ற வேப்பமரமும் இல்லை. நான் இங்கேயும் அங்கேயுமாகத் தேடி அலைந்தேன். அம்மா என் கையிலிருந்து மெழுகுவத்தியை வாங்கி, ரோட்டோரச் சரளையைக் கையால் ஒதுக்கி நட்டாள்.

"எங்க வெச்சா இன்னா. இங்கதான எங்கியோ கீறான்."

பிறகு நிமிர்ந்து நின்று, உபதேசியார் கூப்பிடுகிற அதே ராகத்தில், "கன்னியப்பன் மகன் அருள்" என்று கூப்பிட்டாள். நான் தீக்குச்சியைக் கிழித்தேன்.