அக்காவின் வளவில் ஒரு பீக்கான்

ஒரு வசந்தகால ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு பத்து. கனடாவில், மல்வேர்ன் வீட்டின் பின்கதவைத் திறந்தபோது நான் முதலில் கண்டது, சாரத்துக்கு மேல் குளிர்கால ஜாக்கெட் அணிந்து கோடரியோடு நின்ற அத்தானை. அவருக்கு எதிரே, வால்நட் போன்ற கொட்டை தரவேண்டிய, ஆனால் காய்க்காத பீக்கான் மரம். நடுவில் என் அக்கா, நாடகம் பழக்குபவர் போல.

"தம்பி, அத்தான் வெட்டப்போறன் எண்டுவார். நீ மறிச்சு, வாற வருஷம் காய்க்கும் எண்டு சொல்லு. மரத்துக்குக் கேக்கவேணும்."

காய்க்காத மரத்தை இப்படி இருவர் சேர்ந்து வெருட்டுவது ஊர் வழக்கம். ஊரில் கோடரி பிடிப்பவர் நடிப்பார். அத்தான் நடிக்கவில்லை. அந்த இடத்தில் கொட்டகை போடுவதற்குப் பலகை வாங்கி வைத்திருந்தார்.

"வெட்டப்போறன்" என்றார்.

"விடுங்கோ அத்தான், வாற வருஷம் காய்க்கும்."

"ஆர் பொறுப்பு?"

"உந்த வசனம் இதில இல்லை" என்றார் அக்கா. "கோடரியை உள்ள கொண்டுபோங்கோ."

அக்கா சாவகச்சேரியில் பிறந்தவர். போரில் இடம்பெயர்ந்து, கொழும்பு வழியாக இங்கு வந்து, ஓய்வு பெறும்வரை முதியோர் இல்லச் சமையலறையில் உழைத்தார். அங்கே ஒருவர் கொடுத்த, ஓடு உடைக்காத பீக்கான் கொட்டைகளை ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரமணலுக்குள் புதைத்து, குளிர்காலம் முழுவதும் பிரிட்ஜில் வைத்தார். குளிர் பட்டால்தான் முளைக்கும் என்று கேட்டறிந்திருந்தார். அத்தான் ஒருநாள் கரண்டியோடு அந்த டப்பாவைத் திறந்தார்.

"இஞ்சேரும், உது என்ன மண்?"

"மரம்" என்றார் அக்கா.

முளைத்தது ஒன்றுதான். முதல் வருடங்களில் அது நிலத்துக்குள் வேரை வளர்த்தது. வெளியே தெரிந்தது ஒரு குச்சி. குச்சி மரமாகியும் காய்க்கவில்லை. பக்கத்தில் இன்னொரு பீக்கான் நின்றால்தான் மகரந்தம் சேரும் என்று கன்று விற்பவர் சொன்னார். அக்கா வேலிக்கு அப்பால் இருக்கும் கயானாக்காரப் பெண்மணிக்குக் கத்தரிக்காய்க் குழம்பு கொடுத்தனுப்பத் தொடங்கினார். கோடை முடியமுன் அவருடைய வளவில் அக்காவின் இரண்டாவது கன்று நின்றது. அக்கா பொய் சொன்னதில்லை, கேட்டால்தான் சொல்வார். அந்தக் கன்றின் கதையை அத்தான் இந்த நினைவு மலரில்தான் முதன்முறையாக வாசிக்கிறார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் கோடரி வெளியே வந்தது, ஒரு வருடத் தவணையோடு உள்ளே போனது. பலகைகள் கராஜில் கிடந்து வளைந்தன.

சென்ற வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அக்கா கேட்டார்: "வெட்டிப்போட்டீங்களோ?"

"மறிக்க ஆளில்லாமல் என்னெண்டு வெட்டுறது? நீர் முதல் வீட்ட வாரும்" என்றார் அத்தான்.

அவர் வீட்டுக்கு வரவில்லை.

கடைசி வாரங்களில் அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், வோபர்னிலிருந்து சோறு கொண்டுவந்த உறவினருக்கும், தன் பக்கத்துக் கன்றுக்கு இன்றும் தண்ணீர் விடும் அயலவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த வசந்தத்திலும் அத்தான் கோடரியோடு பின்வளவுக்குப் போனார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வருவதற்குள், இரண்டு பேரின் வசனத்தையும் அவரே சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

மரம் இன்னும் காய்க்கவில்லை.